ரெட்வுட் மரத்தடியில் எங்கடை ஆக்கள்

முதலில் இனிப்பாகத்தான் வந்தது அந்த மணம். சூயிங்கம் மென்று துப்பிய வாயின் மணம். பிறகு, இனிப்புக்கு அடியில் பதுங்கியிருந்த மற்றது எழுந்து வந்து மூக்கைப் பிடித்தது. தெற்கு லண்டனில், சட்டனில் இருக்கும் அண்ணையின் வீட்டு வாசலில், ஒரு கோடைகாலச் சனிக்கிழமை காலை, அவருடைய மோட்டார்ஹோமின் கதவு திறந்தபோது என்னை எதிர்கொண்டது இதுதான்: நீல நிறத்தில் ஓர் இரசாயனம், அதற்குக் கீழே மூன்று கிழமையாக யாரும் கொண்டுபோய் ஊற்றாத மலம்.

“ஏறு, ஏறு. வீடு மாதிரித்தான்,” என்றார் அண்ணை. “கட்டில் இருக்கு, குசினி இருக்கு, கக்கூஸ் இருக்கு. ஒண்டுக்கும் வெளியிலை இறங்கத் தேவையில்லை.”

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மோட்டார்ஹோம் என்பது ஒரு வீட்டை வானுக்குள் மடித்து வைப்பது. இங்கே வெள்ளைக்காரர்கள் ஓய்வுபெற்றதும் இப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகத் திரிவார்கள். நல்ல வீடு இருக்கிறவர்கள் அதைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டிக்குள் படுத்தெழும்ப ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நாங்கள் பெட்டிக்குள் படுத்து வந்த சனம். அண்ணை ஜேர்மனிக்குள் நுழைந்ததே ஒரு மரக்கறி லொறியின் பின்புறத்தில், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவே. அந்தக் கதையைக் கலியாண வீடுகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். பிறகு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வேண்டுமென்று ஜேர்மனியை உதறிவிட்டு லண்டனுக்கு வந்தார், மிச்சத்தில் ஓர் ஓஃப்-லைசன்ஸ் கடை போட்டார். அதாவது சாராயக் கடை. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போய்விட, அறுபது வயதில் இந்த வண்டியை வாங்கினார். வாங்கிய கிழமையே ஆர்ச்வே முருகன் கோவிலடிக்கு ஏற்றிக்கொண்டுபோய், நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, தேங்காய் உடைத்தார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடியிருக்க, ஐயர் அவசரத்தில் முன்கண்ணாடி முழுக்கத் திருநீறு அப்பிவிட்டாராம். அண்ணை வைப்பர் போட்டுத் துடைத்தாராம்.

கழிவறைக்கு அடியில் ஒரு சூட்கேஸ் அளவில் பெட்டி இருக்கிறது. நிறைந்ததும் வண்டிக்கு வெளிப்பக்கம் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, பெட்டியை இழுத்தெடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கவிழ்க்க வேண்டும். அந்தச் சின்னக் கதவைக் கண்டவுடன் ஓரடி பின்னால் நகர்ந்தேன். யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருந்தது. முழங்கால் உயரத்தில், துருப்பிடித்த தகரக் கதவு. வாளிக் கக்கூஸின் பின்பக்கம். ஒழுங்கை வழியாக ஒரு மனிதர் வந்து, அதைத் திறந்து, எங்கள் வீட்டு வாளியைத் தன் வண்டியில் கவிழ்த்துக்கொண்டு போவார். அவருக்கு முகம் இருந்ததா? இருந்திருக்கும். நான் அறிந்தது வாளி சீமெந்தில் இழுபடும் சத்தத்தை மட்டும். ஒருநாள் நான் உள்ளே இருக்கும்போது கதவு திறந்துவிட்டது. வெளிச்சம் கீழிருந்து வந்தது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். அப்பா பின்வளவுக்குப் போய் அந்த மனிதரை ஏசினார். என் மலத்தை அள்ள வந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அது சரியான ஒழுங்கு என்றே நினைத்தேன்.

இந்தப் பயணத்தின் காரணம் என் மகள். அபிராவுக்கு இருபத்தெட்டு வயது, மருத்துவமனையொன்றில் பிசியோதெரபிஸ்ட். அவள் கலியாணம் செய்யப்போகிற பிள்ளையின் பெயர் நிரோஜன். ஒன்பது வயதில் ஊரிலிருந்து தாயோடு இங்கே வந்தவன், தகப்பன் முன்பே வந்து இருந்தார். அவன் ஆர்போரிஸ்ட். கயிறு கட்டி மரங்களில் ஏறி, நோய்பிடித்த கொப்புகளை அறுத்து இறக்குவது அவன் தொழில். என் கணவர் இறந்து ஆறு வருடம். எங்கள் வழக்கத்தில் கணவனை இழந்தவள் மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கக் கூடாது. தாய்மாமனும் மாமியும் ஜோடியாக நின்று கொடுக்க வேண்டும். ஆகவே அண்ணை சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பதற்கு முன் அவர் பிள்ளையைப் “பார்க்க” வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபொறெஸ்ட் காட்டில் ராட்சத ரெட்வுட் மரங்கள் இருக்கின்றன, எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட விருப்பம் என்று நிரோஜன் சொன்னான். தன் வண்டியை எல்லோருக்கும் காட்ட அண்ணைக்கு விருப்பம். இரண்டும் பொருந்திவிட்டன.

முதல்நாள் பின்னேரம் அபிரா தொலைபேசியில் சொன்னாள்: “அம்மா, மாமா நிக்காட்டி நிக்காமல் விடட்டும். ஐ டோன்ற் கெயர். நீங்கள் எங்கை நிப்பீங்கள் எண்டுதான் எனக்குத் தெரியோணும். நாளைக்கு நிரோஜன்ரை வேலையைப் பற்றி மாமா ஏதும் சொன்னால் நீங்கள் வாய் திறப்பீங்களா?”

“இதென்ன விசர்க் கதை? எல்லாரும் ஒரு குடும்பம்தானே,” என்றேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டிக்குள் கரண்டிகள் கலகலக்கத் தொடங்கின. மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, முன்னால் அவருக்குப் பக்கத்தில். நானும் அபிராவும் நிரோஜனும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பட்டி கட்டிக்கொண்டு இருந்தோம். கழிவறைக் கதவு எனக்கு நேர் எதிரே. ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு விரல் அளவு திறந்து, மூச்சு விட்டு, மூடியது.

“அப்ப தம்பி, இந்த மரம் ஏறுறது… அதுதான் முழுநேர வேலையோ?”

“ஓம் மாமா. ஏறுவன், அறுப்பன். மற்ற நாளிலை மரத்துக்கு என்ன வருத்தமெண்டு பாத்து ரிப்போட் எழுதுவன்.”

“மரத்துக்கு டொக்டர்!” மச்சாள் திரும்பிச் சிரித்தாள்.

“ட்ரீ சேர்ஜன் எண்டுதான் மாமி சொல்லுறது. ஊசி மட்டும் போடுறேல்லை.”

“ஊரிலையும் மரம் ஏற ஆக்கள் இருந்தவைதானே,” என்றார் அண்ணை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தது அவனையல்ல, என்னை. “பூட்டன் காலத்திலையிருந்து ஏறினவை. இரத்தத்திலை ஊறியிருக்கும், என்ன?”

“இருக்கும் மாமா,” என்றான் நிரோஜன்.

அபிராவுக்கு விளங்கவில்லை. இங்கே பிறந்தவளுக்கு மரம் ஏறுவது மரம் ஏறுவதுதான். எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். பனையேறிக் கள்ளுச் சீவுகிற சாதி என்று எங்கள் ஊர் ஒன்றை வகுத்து வைத்திருந்தது. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் வசவாகத்தான் என் காதுக்குள் வந்தது, வசவாகவே வெளியே வரும். அண்ணையைப் பாருங்கள். கிழமையில் ஏழு நாளும் பியர் கான் அடுக்குகிறவர், காலை பத்து மணிக்கே கைநடுங்க வருகிற வாடிக்கையாளனுக்குப் பெயர் சொல்லிப் போத்தல் எடுத்துக் கொடுக்கிறவர், கள்ளுச் சீவுகிறவனின் வாடை தன் வண்டிக்குள் வந்துவிட்டதோ என்று மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார். மூன்று கிழமை மலம் அவருக்கு மணக்கவில்லை.

எம்3 நெடுஞ்சாலையில் ஒரு சேர்விஸில், வண்டிகள் இளைப்பாறும் இடத்தில், நிறுத்தினோம். மச்சாள் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தாள். அலுமாரிக்குள் கொக்கிகளில் ஆறு கோப்பைகள் தொங்கின, வண்டிக்கென்று வாங்கிய, நீலப் பூப்போட்ட கோப்பைகள். நான்கை எடுத்து வைத்தாள். பிறகு குனிந்து இழுப்பறைக்குள் துழாவி ஒரு காகிதக் கோப்பையை எடுத்தாள். அதில் ஊற்றி, “இந்தாரும் தம்பி, சூடு கவனம்,” என்று நிரோஜனிடம் நீட்டினாள். நல்ல அன்பான குரல். அதுதான் பயங்கரம். அலுமாரிக் கதவு திறந்திருந்தது. மிச்சம் இரண்டு கோப்பைகளும் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தன.

ஊரில் எங்கள் வேலிக் கதியாலில், நட்ட தடியொன்றின் நுனியில், ஒரு பால்மாத் தகரப் பேணி கவிழ்ந்திருக்கும். கழுவிக் கழுவி வெளுத்த பேணி. பனை சீவ வருகிறவர் வெயிலில் இறங்கி வந்து தண்ணீர் கேட்டால் அதில்தான். அவரே எடுப்பார், அவரே கழுவுவார், அவரே கவிழ்ப்பார். யாரும் சத்தம் போட்டதில்லை, யாரும் தடுத்ததில்லை. எங்கள் ஊரில் கொடுமை என்பது சத்தம் போடாது. அது கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். வேலி போய்விட்டது, வளவு போய்விட்டது, அந்த வீட்டின் கூரையே குண்டில் போய்விட்டது. பேணி மட்டும் கடல் கடந்து, அசைலம் எடுத்து, பாஸ்போட் பெற்று, காகிதமாக மாறி, என் முன்னால் ஆவி பறக்க நின்றது.

அபிரா அவனுடைய காகிதக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பூக்கோப்பையை அவன் கைக்குள் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாய் சில்லொன்றில் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை மிகுந்த கவனத்தோடு பார்த்தேன்.

“இன்னொண்டு தம்பி,” என்றார் அண்ணை, மிச்சத் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு. “திரும்பி வரேக்கை ஒரு காம்ப்சைட்டிலை இந்தக் கக்கூஸ் பெட்டியை ஊத்த இடமிருக்கு. எனக்கு உது ஏலாது, ஓங்காளம் வரும். நீர் ஊத்தை வேலையும் பழகின ஆள்தானே. பாத்துச் செய்துவிடும்.”

“பிரச்சினை இல்லை மாமா,” என்று சிரித்தான் நிரோஜன்.

ஏன் அவன் அப்படிச் சிரிக்கிறான் என்று எனக்கு அவன்மேலும் எரிச்சல் வந்தது. பாருங்கள், அருவருப்பு எப்படித் தன் பாதையைத் தேடுகிறதென்று. போக வேண்டிய இடத்துக்குப் போகத் துணிவில்லாமல், நோகாத பக்கமாக வழிகிறது.

நியூ ஃபொறெஸ்ட்டில் பிரதான வீதியை விட்டு உள்ளே போனதும் மரங்கள் வீதியை நெருக்கின. கார் நிறுத்துமிடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு மோட்டார்ஹோம். வாசலில் மடக்குக் கதிரை போட்டு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி இருந்தாள். எங்கள் வண்டியைத் தலை முதல் கால் வரை பார்த்து, “ஆர் யூ ஃபுல்-டைமர்ஸ்?” என்று கேட்டாள். “நோ, பார்ட்-டைம்,” என்றேன். “ஸ்கூல் கிச்சின். ஃபோர் டேய்ஸ்.” அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். வீட்டை விற்றுவிட்டு வருடம் முழுவதும் வண்டியிலேயே வாழ்கிறவர்களைத்தான் அப்படிச் சொல்லுவார்களாம், அபிரா பிறகு விளங்கப்படுத்தினாள். தாங்கள் நான்கு வருடமாக ஃபுல்-டைமர்ஸ் என்று மூதாட்டி பெருமைப்பட்டாள். நிலையான முகவரியே இல்லையாம். எனக்குக் கூசியது. முகவரி இல்லாமல் இருந்த வருடங்களில், ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு நான் வெட்கப்பட்டது நினைவுக்கு வந்தது. இவளுக்கு அது விடுமுறை.

பிறகு அந்த மரங்கள். எழுதத் தெரிந்தவள் என்று என்னை நினைத்திருந்தேன். அவற்றுக்கு முன்னால் சொற்கள் சின்னப் பூச்சிகள். பாதையின் இரு பக்கமும் எல்லா மரமும் உயரம்தான், இவை வேறு. அடி ஒரு வீட்டு அகலம். மேலே பார்க்கக் கழுத்து முறிந்து, அதற்கு மேலும் மரம் இருந்தது. சிவந்த பட்டை. தொட்டால் தும்பு. தேங்காய் மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் வருமே, அந்த மென்மை. ஒரு வெள்ளைக்காரச் சிறுமி அதை முட்டியால் குத்திவிட்டு, “இற் டஸின்ற் ஹேர்ட்!” என்று கத்தினாள். தாயும் குத்தினாள். தகப்பனும் குத்தினார். வரிசையாக வந்து குத்திவிட்டுப் போனார்கள். அடித்தால் அடிக்கிறவருக்கு நோகாதாம், அதனால் எல்லோருக்கும் அந்த மரத்தைப் பிடித்திருந்தது.

“இதுகள் இந்த நாட்டு மரமில்லை,” என்றான் நிரோஜன். உள்ளங்கையைப் பட்டையில் வைத்தபடி நின்றான், வைத்தியர் நாடி பார்ப்பது போல. “கலிபோர்னியாவிலையிருந்து விதையாக வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலை. இஞ்சத்தை மழை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. ஆனால் தானாக முளைக்கிறது குறைவு, மாமி. காய் விரிய அங்கை காட்டுநெருப்பு இருக்கு. இஞ்சை ஆர் நெருப்பு வைக்கிறது?”

என்னை மாமி என்றான். அவன் குரலில் பெருமை இல்லை, ஒரு கவலை இருந்தது. அவ்வளவு உயரம் வளர்ந்தும் தன் காலடியில் ஒரு கன்று இல்லாமல் நிற்கிற அந்த மரத்தை நான் அண்ணாந்து பார்த்தேன். அண்ணை தன் தொப்பியைச் சரிசெய்து, மரத்தடியில் நின்று, மச்சாளைக்கொண்டு படம் எடுப்பித்தார். படத்தில் மரம் வரவில்லை. அவர் வந்தார்.

மரத்தடிக்குக் கிட்ட ஒரு மரமேசையில் சாப்பாட்டைப் பரப்பினோம். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், மீன் குழம்பு. காற்று குழம்பின் மணத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது. நடக்க வந்தவர்கள் நடையை மாற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் அதைக் கவனிக்காத மாதிரிச் சாப்பிட்டோம். முப்பது வருடப் பழக்கம். எங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்குள் யாரைப் பார்த்து மூக்கைச் சுளிக்கலாம் என்று தேடுகிற சாதி நாங்கள். அண்ணை இரண்டாம் தரம் புட்டுப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

“அப்பான்ரை இடம் எது தம்பி?”

நிரோஜன் ஊரின் பெயரைச் சொன்னான். அதையும் நான் எழுதவில்லை. எழுதினால் நீங்களும் கணக்குப் பார்ப்பீர்கள்.

“அங்கை எவடம்?”

“பிள்ளையார் கோவில் பின்வீதி, மாமா.”

அண்ணையின் கை குழம்பில் நின்றது. “கோவில் பின்வீதியோ? அதிலை பெரிய இரும்புக் கேற் போட்ட மேல்மாடி வீடொண்டு…”

“ஓம். பெரிய வாத்தியாற்றை. அந்த வளவுதான்.”

“அட கடவுளே!” அண்ணை எழும்பியே விட்டார். “பெரிய வாத்தியாற்றை வளவோ! எங்கடை அப்பாவும் அந்த வாத்தியாரும் ஒண்டாப் படிப்பிச்சவை. கேட்டியோ? அந்த வளவுப் பெடியன்! அப்ப நீர் எங்கடை ஆக்கள் எல்லோ! இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

“மாமா கேக்கேல்லையே,” என்றான் நிரோஜன். கீழே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மச்சாள் எழும்பி வண்டிக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஐந்து பூக்கோப்பைகள் இருந்தன. பெரிய மீன் துண்டு அவன் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த தட்டுக்கு இடம் மாறியது. “வடிவாப் போட்டுச் சாப்பிடும் தம்பி, மெலிஞ்சுபோனீர்.” காலையில் மெலிவு அவள் கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் எழுதுவது சுலபம். மற்றவர்களின் ஊத்தை எழுத எழுத இனிக்கும். எனக்குள் நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. “எங்கடை ஆக்கள்” என்று அண்ணை கத்திய அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. தோள்கள் இறங்கின. மூச்சு முழுதாக வந்தது. அப்பாடா என்றது உடம்பு. ஆறு மாதமாக இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். என் வீட்டுக் குளியலறைக் குழாயைத் திருத்தியவன், எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக்கொண்டு வந்தவன். ஒருநாளும் அவனிடம் எவடம் என்று கேட்டதில்லை, கேட்காததை என் பெருந்தன்மை என்று வைத்திருந்தேன். அது பெருந்தன்மை இல்லை, பயம். பதில் வேறு மாதிரி வந்துவிடுமோ என்று கேளாமல் இருந்திருக்கிறேன். அந்த நிம்மதி என் வாய்க்குள் ஒரு சுவையாக வந்தது. சூயிங்கம் மாதிரி இனிப்பு. அடியில் மற்றது. புட்டை விழுங்க முடியாமல் எழும்பி, மரத்தின் மறுபக்கம் போய், துப்பினேன். சத்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் காம்ப்சைட்டில் வண்டி நின்றது. நிரோஜன் கையுறையை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

“இரும் தம்பி, இரும்! நீரோ? விடும், நான் பாக்கிறன்.” அண்ணை கையுறையைப் பறித்தார்.

ஜன்னலால் பார்த்தோம். சின்னக் கதவைத் திறந்து, முகத்தை வானத்துக்குத் திருப்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கவிழ்க்கப் போய் ஓங்காளித்தார். நீலமும் மண்ணிறமும் குபுகுபுவென்று தெறித்துச் சப்பாத்தில் பட்டன. “முருகா!” என்று ஒரு சத்தம். நிரோஜன் இறங்கி ஓடிப்போய், “மாமா, அந்தச் சின்னப் பட்டனை அமத்திக்கொண்டு ஊத்துங்கோ. காத்துப் போனால் தெறிக்காது,” என்று சொல்லிக் கொடுத்து, பெட்டியின் மறு கைபிடியைத் தானும் பிடித்தான். மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, “பாத்தியே வதனி, என்ன பண்பான பிள்ளை. குடும்பம் எண்டது குடும்பம்தான்,” என்றாள். அபிரா சிரிக்கவில்லை. அவளுக்கு ஏதோ விளங்கத் தொடங்கியிருந்தது. காலையிலிருந்து மத்தியானத்துக்குள் ஒரு மனிதனில் என்ன மாறியது என்று அவள் கண்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

சட்டனுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அபிராவின் சின்னக் கார் வீட்டு வாசலில், நடைபாதையோரம் நின்றது. அண்ணை நிரோஜனின் தோளில் கைபோட்டு இறக்கினார். மச்சாள் சொன்னாள்: “வாற ஞாயிறு இஞ்சைதான் சாப்பாடு. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரோணும் தம்பி. எங்கடை ஆக்கள் வந்து கனகாலம்.”

“மாமி, அதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும்.” நிரோஜனின் குரல் மரத்தைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே குரல். “மத்தியானமே சொல்லியிருப்பன். நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீங்கள். அந்த வளவிலை இருந்தது உண்மை. மேல்மாடி வீட்டிலை இல்லை. கிணத்தடிக்கு அங்காலை, பனையடியிலை கொட்டில். அப்பா வாத்தியாற்றை பனையளிலை சீவினவர். அவரை இந்த வீட்டு மேசையிலை வேறை ஆராகவோ இருத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை. இப்பவும் கூப்பிட்டால் வருவினம்.”

பக்கத்து வீட்டில் புல்வெட்டும் மெஷின் ஓடி நின்றது. அண்ணையின் கை அவன் தோளிலிருந்து இறங்கியது. விழவில்லை, மெல்ல இறங்கியது, சூடான ஏதோவொன்றின் மேலிருந்து எடுப்பது போல. தன் கையைப் பார்த்தார். வண்டிக்கு அருகே தோட்டக் குழாய் இருந்தது. போய்த் திறந்து, கையைக் கழுவினார். காம்ப்சைட்டில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிய அதே கை. மலம் ஊற்றியதற்குக் கழுவியதைவிட நீண்ட நேரம் கழுவினார்.

நிரோஜன் அதைப் பார்த்தான். “சரி மாமா,” என்றான். காருக்குள் போய் இருந்தான். அபிரா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“வதனி, நீ உள்ளை வா,” என்றார் அண்ணை, துவாயில் கையைத் துடைத்தபடி. “கதைக்கக் கிடக்கு. அவை போகட்டும், உன்னை நான் கொண்டுபோய் விடுறன். பாத்தியோ, எப்பிடி மறைச்சவன் எண்டு?”

“அவன் மறைக்கேல்லை அண்ணை. நீங்கள் கேட்டதுக்குத்தான் அவன் பதில் சொன்னவன். மிச்சத்தை நாங்கள் சொன்னனாங்கள்.”

“நாங்களோ? நீ வாயே திறக்கேல்லையே.”

“ஓம். அதுதான்.”

என் வலது கால் அண்ணையின் செங்கல் பாவிய முற்றத்தில் இருந்தது. இடது கால் கவுன்சிலின் நடைபாதையில். நடுவில் ஒரு விரல் உயரப் படி. இந்த நாட்டுக்கு வந்த நாளில் என்னை விமான நிலையத்தில் வந்து ஏற்றியவர் அண்ணை. அதற்கென்றே ஜேர்மனியிலிருந்து வந்திருந்தார். என் கணவரின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர் அவர். அவருக்கு நான் கடமைப்பட்டதெல்லாம் வலது காலில் கனத்தது. காலைத் தூக்கினேன். அது ஒரு காலின் கனமாக இருக்கவில்லை.

“நான் பிள்ளையளோடை போறன், அண்ணை.”

மச்சாள் பதறிப்போனாள். “வாசலிலை நிண்டு போறன் எண்டு சொல்லாதை வதனி. போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“போறன், மச்சாள்.”